கடலோர ஊரில் கழிவறைத் தொட்டி கட்டப் போகிறீர்களா? குழி தோண்டும் முன் இதைப் படியுங்கள்

திருச்சியில் பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, வேதாரண்யத்துக்கு வடக்கே என் வீட்டுக்காரர் ஊரில் சொந்தமாக வீடு கட்டினோம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான். வீடு நல்லபடியாக அமைந்தது, கழிவறைதான் இரண்டு வருஷம் எங்களைப் படுத்தி எடுத்தது. கொத்தனார் "நாலு உறை இறக்கினா போதும்க்கா, மண்ணு குடிச்சிரும்" என்றார் (உறை என்றால் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் வளையம்). அவர் சொன்னபடியே மணல் குடிக்கத்தான் செய்தது. ஆனால் கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறியதும், ஊற்றிய தண்ணீர் இறங்காமல் கழிவறையிலேயே நின்றது, நாற்பதடி தள்ளி இருந்த அடிபம்பில் வாடை வந்தது, சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு மூன்று வாரம் நிற்கவில்லை. மணல் குடித்ததையெல்லாம் அடிபம்பு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

உறைகளை மூடிவிட்டு முதலிலிருந்து மறுபடி கட்டினோம். யாரிடம் கேட்பது, எந்த வரிசையில் செய்வது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்ததால்தான் இதை எழுதுகிறேன். பாதாளச் சாக்கடை இல்லாத, மணல் தரையுள்ள கடலோர ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், பழைய உறைக்குழியை மாற்ற நினைக்கிறவர்களுக்கும் இது பயன்படும். நான் பொறியாளர் இல்லை. அளவுகளைப் பெரும்பாலும் செப்டிக் தொட்டிக்கான இந்தியத் தர நிர்ணய விதியிலிருந்து (ஐ.எஸ். 2470) எடுத்துக்கொண்டோம், மற்றவை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

1. மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்துவிடுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். கோடையில் எட்டடியில் இருக்கும் தண்ணீர் கார்த்திகை, மார்கழியில் ஒன்றரை அடிக்கு வந்துவிடும். எங்கள் மனையில் அப்படித்தான். கொத்தனார் சித்திரையில் வந்து பார்த்துவிட்டு "நல்ல காய்ஞ்ச தரை" என்று சொல்லியிருந்தார்.

மழை ஓய்ந்த நான்கைந்து நாளில் மனையில் கடப்பாரையாலோ கைத்துளைப்பானாலோ நான்கடி ஆழத்துக்கு ஒரு சிறு குழி போட்டு, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் காலையில் குச்சியை விட்டு அளந்து பாருங்கள். மழைக்காலம் தாண்டிவிட்டது, அடுத்த வருஷம் வரை காத்திருக்க முடியாது என்றால், பக்கத்து வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தத் தெருவில் ரொம்ப நாளாக இருக்கிற பெரியவர்களிடமும் கேளுங்கள். என் மாமியார் கேட்டவுடனே சொன்னார், "ஐப்பசில தென்னம்புள்ள வைக்கக் குழி எடுத்தாலே தண்ணி வந்துருமே." முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சம்.

அப்படியே உங்கள் மனையைச் சுற்றி உள்ள கிணறு, அடிபம்பு எல்லாம் எத்தனை அடி தள்ளி இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களுடையதையும் சேர்த்து. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் அறுபதடி, தள்ளி இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 6 மீட்டர். மூன்று சென்ட் மனையில் இது எளிதில் அமையாது. அதனால்தான் பின்னால் சொல்லும் செடிப் படுகை தேவைப்படுகிறது.

2. "செப்டிக் டேங்க்" என்ற பெயரில் ஏமாறாதீர்கள்

எங்கள் பக்கத்தில் தரைக்குக் கீழே போகிற எல்லாவற்றுக்கும் செப்டிக் டேங்க் என்றுதான் பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து சிமெண்ட் உறை இறக்கி மேலே மூடி போட்டால் அது செப்டிக் தொட்டி ஆகாது. அடியில் தளம் கிடையாது, உறைகளுக்கு இடையே பூச்சும் கிடையாது, கழிவு நேராக மணலுக்குப் போகிறது, அவ்வளவுதான். மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும், பல வருஷம் நிரம்பவும் நிரம்பாது. நிரம்பவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத தொட்டி என்றால் ஒழுகுகிற தொட்டி. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஊரில் அதைப் போல் ஆபத்து வேறு இல்லை.

அரசு விளம்பரங்களில் வரும் இரட்டைக் குழிக் கழிவறை நல்ல முறைதான், ஆனால் தரை பார்த்துக் கட்ட வேண்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் காய்ந்த மண் இருந்தால்தான் அது பாதுகாப்பாக வேலை செய்யும். நாலடிக் குழி என்றால் தண்ணீர் பத்தரை அடிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மேட்டு மனை உங்களுக்கு இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், அதுவே செலவு குறைந்தது.

தண்ணீர் மேலே நிற்கும் மனைக்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, அடித்தளமும் சுவரும் ஒழுகாத தொட்டியைத் தரைக்கு மேல் பாதி தூக்கிக் கட்டி, வெளிவரும் தண்ணீரை ஜல்லியும் செடியும் உள்ள படுகையில் விடுவது. நாங்கள் செய்தது இது. இன்னொன்று, சிறுநீரையும் மலத்தையும் பிரித்து, சாம்பல் தூவி, தரைக்கு மேலே கட்டிய அறையில் மக்க வைக்கும் உலர் கழிவறை. சுனாமிக்குப் பிறகு எங்களுக்குப் பக்கத்தில் காமேஸ்வரத்தில் இப்படிக் கட்டினார்கள். நிலத்தடி நீருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் பழக வேண்டும், விருந்தாளிக்கும் சொல்லித்தர வேண்டும். வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

பாக்டீரியா போட்ட பிளாஸ்டிக் டேங்க், ஆயுசுக்கும் கழிவு எடுக்க வேண்டாம் என்று விற்பவர்கள் வருவார்கள். எந்தத் தொட்டியிலும் அடியில் கசடு சேரத்தான் செய்யும், வெளிவரும் தண்ணீரில் கிருமி இருக்கத்தான் செய்யும். கூடவே இன்னொரு சிக்கல்: எங்கள் தெருவிலேயே ஒருவர் பிளாஸ்டிக் தொட்டி புதைத்தார், இன்னும் பயன்படுத்தத் தொடங்காததால் காலியாக இருந்தது, ஒரே ராத்திரி மழையில் அது குழாயை உடைத்துக்கொண்டு மேலே மிதந்து வந்துவிட்டது. பிளாஸ்டிக்கோ ஃபைபரோ வைப்பதென்றால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு பட்டையால் கட்டுங்கள், வைத்த அன்றே தண்ணீர் நிரப்புங்கள்.

3. காகிதங்கள்: மண்வெட்டியை எடுக்கும் முன்

தேவைப்பட்டவை இவை: பட்டா, சிட்டா, புலப்படம், வீட்டு வரி ரசீது, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், நாலு பாஸ்போர்ட் அளவுப் படம். பட்டாவும் புலப்படமும் அரசின் நில ஆவண இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். கடையில் அச்சுக்கு மட்டும் காசு. பட்டா இன்னும் மாமனார் பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றத்துக்கு முதலிலேயே போட்டுவிடுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் இழுத்தடிக்கும். எங்களுக்கு நாலு மாசம் ஆனது.

கடலோரத்துக்கென்று கூடுதலாக ஒன்று இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கடலோரத்தில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) உங்கள் சர்வே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லை) நிலப்பக்கம் 500 மீட்டர் வரைக்கும், உப்பாறு, கழிமுகம் இருந்தால் அவற்றின் கரைக்கும் அந்த விதிகள் பொருந்தும். நிறையப் பேர் கடலைத்தான் அளக்கிறார்கள், வீட்டுக்குப் பின்னால் அலை ஏறி இறங்கும் வாய்க்காலை மறந்துவிடுகிறார்கள். ஊராட்சி செயலரிடம் கேட்டால் தெரியாது என்று சொல்லலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புலப்பட நகலோடு கேட்டால் வரைபடத்தில் உங்கள் எண் எங்கே விழுகிறது என்று சொல்வார்கள். வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கான எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களை ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு மூன்று தடவை அனுப்பினார்கள், நாலாவது தடவை மனு எண்ணைக் காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலிலோ கழிமுகத்திலோ விடுவது அந்த மண்டலத்தில் தடை செய்யப்பட்டது. "கடலுக்குத்தானே போகுது" என்று குழாயை வாய்க்காலில் விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த வாய்க்காலில்தான் பிள்ளைகள் நண்டு பிடிக்கிறார்கள்.

வீட்டுக்கான கட்டட வரைபடத்தில் கழிவுநீர்த் தொட்டி எங்கே வருகிறது என்று வரைந்து, அதற்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். பிற்பாடு இடம் மாற்றினால் மறுபடி அலைச்சல்.

4. 12,000 ரூபாய் கிடைக்குமா?

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில் வீட்டுக் கழிவறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும், அதற்கு மேல் இருந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், குடியிருக்க மட்டும் மனையுள்ள நிலமற்ற கூலித் தொழிலாளிகள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையேற்ற குடும்பங்கள் ஆகியோருக்கும்தான். வீட்டில் முன்பே ஒரு தடவை இந்தத் தொகை வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது. மாமனார் வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் வந்தவர்கள் தனிக் குடும்ப அட்டை வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.

இணையத்தில் நீங்களே பதிவு செய்யலாம், இல்லையென்றால் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். கழிவறையைக் கட்டி முடித்த பிறகுதான் பணம் வரும், ஆகவே அதை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். கட்டுவதற்கு முன், கட்டிய பின் என இடம் பதிவாகும்படி படம் எடுப்பார்கள். முன் படம் எடுக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டால் பின்னால் எவ்வளவு சொன்னாலும் நடக்காது, தெருவில் இரண்டு பேர் அப்படி இழந்தார்கள். இன்னொன்று, படம் எடுக்க வருபவர் இரட்டைக் குழியைத்தான் எதிர்பார்ப்பார். நிலத்தடி நீர் இத்தனை அடியில் இருக்கிறது, அதனால் ஒழுகாத தொட்டி கட்டுகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதி, நீங்கள் அளந்த குழியின் படத்தையும் இணைத்துவிடுங்கள்.

5. அளவு, அதைவிட முக்கியமாக உயரம்

விதிப்படி தொட்டியில் தண்ணீர் நிற்கும் ஆழம் குறைந்தது ஒரு மீட்டர், அகலம் குறைந்தது 75 சென்டிமீட்டர், நீளம் அகலத்தைப் போல் இரண்டு முதல் நாலு மடங்கு. ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் என்று அட்டவணை சொல்கிறது. நம் மாதிரி இடத்தில் ஆழமாகப் போக முடியாது என்பதால் நீளத்தைக் கூட்டுங்கள். ஆறு பேருக்கு நாங்கள் கட்டியது உள்ளளவு எட்டரை அடி நீளம், மூன்றரை அடி அகலம், தண்ணீர் நிற்பது மூன்றரை அடி, அதற்கு மேல் ஒரு அடி காலியிடம். ஏறக்குறைய 3,000 லிட்டர். திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் பதினைந்து பேர் வந்து தங்கினாலும் தாங்குகிறது.

உள்ளே மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ஒரு தடுப்புச் சுவர், அதில் தண்ணீர் ஆழத்தின் நடுவாக்கில் துளைகள். உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாயைவிட இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் 'டி' (T) வடிவக் குழாய் போட்டு அதன் கால் தண்ணீருக்குள் ஒரு அடிக்கு மேல் இறங்கும்படி வையுங்கள், இல்லையென்றால் மேலே ஏடு மாதிரி மிதக்கும் கழிவு அப்படியே வெளியே போய்ப் படுகையை அடைத்துவிடும். இந்த 'டி'யை மட்டும் கொத்தனார்கள் தவறாமல் மறப்பார்கள். மூடி போடும் முன் நீங்களே குனிந்து பாருங்கள்.

உயரம்தான் எங்களுக்கு ரொம்ப யோசனையாக இருந்தது. தொட்டியின் அடித்தளம் தரைக்கு இரண்டடி கீழே, தண்ணீர் மட்டம் தரைக்கு ஒன்றரை அடி மேலே என்று முடிவு செய்தோம். மோட்டார் எதுவும் இல்லாமல் கழிவு தானாக ஓடி வர வேண்டுமென்றால் கழிவறைத் தரையும் உயர வேண்டும். இந்தியன் டாய்லெட் வைத்தால் அதன் வளைவுக் குழாய் தரைக்குக் கீழே போவதால் கழிவறைத் தரை மூன்றரை அடிக்கு உயர்ந்தாக வேண்டும், ஐந்தாறு படி. மாமியாருக்கு முட்டிவலி. சுவர் வழியாக வெளியேறும் 'பி' டிராப் வகை வெஸ்டர்ன் டாய்லெட்டில் குழாய் தரைக்கு ஏழு அங்குலம் மேலே வெளிவருகிறது, அதனால் இரண்டடி உயர்த்தினால் போதுமானதாக இருந்தது. மூன்று படி, ஒரு கைப்பிடிக் கம்பி. கடையில் தரை வழியாக இறங்கும் 'எஸ்' டிராப் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

கழிவறையிலிருந்து தொட்டி வரை நாலு அங்குலக் குழாய், பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு. மேலே காற்றுக் குழாய் ஒன்று, கூரையைத் தாண்டிப் போகும்படி, முனையில் கொசுவலை கட்டி.

6. எப்போது தோண்டுவது, எதில் கட்டுவது

வைகாசி, ஆனி. தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வைகாசியில் ஊரில் ஆட்களும் கிடைப்பார்கள். ஆவணிக்குள் எல்லாம் முடிந்து தொட்டி நிறைந்திருக்க வேண்டும். ஐப்பசியில் தோண்ட ஆரம்பித்தால் ஒரு பக்கம் இறைக்க இறைக்க இன்னொரு பக்கம் மணல் சரிந்துகொண்டே இருக்கும், கூலி இரட்டிப்பாகும், உள்ளே நிற்கிறவர் மேல் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. கோடையிலும் இரண்டடிக்கு மேல் போகும்போது சரிவாகவே வெட்டச் சொல்லுங்கள்.

உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், கழிவிலிருந்து வரும் வாயு மூன்றும் சேர்ந்து கம்பியைத் தின்றுவிடும். ஆகவே:

கடல் மணலையோ கடற்கரைக்குப் பக்கத்து மணலையோ கலவையில் சேர்க்க விடாதீர்கள். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வாங்குங்கள். கலவைக்கும் நீராற்றவும் உப்புக் கரிக்காத தண்ணீர்தான். நாங்கள் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்துப் பயன்படுத்தினோம், அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள், சொல்லிப் புரியவைத்தோம். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அதற்கு அடியில் வைக்கும் சிமெண்ட் கட்டைகளை முன்கூட்டியே வார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓட்டுச்சில்லை வைத்துவிடுவார்கள். ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்த சிமெண்ட் கிடைத்தால் நல்லது. செங்கல் சுவர் மலிவுதான், ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் தொட்டிக்கு கான்கிரீட் சுவரே எடுத்தோம்.

காய்ந்ததும் ஒழுகல் சோதனை செய்யாமல் கூலியின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வெளிக்குழாயை அடைத்துவிட்டு, தண்ணீரை நிரப்பி முதல் நாள் ஊறவிடுங்கள். மறுநாள் மட்டத்தைக் கரியால் கோடு போட்டுக் குறித்து இன்னொரு 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை நாலு விரற்கடை இறங்கியது, மூலையில் கசிவு. அன்று பூசியது, இன்று வரை நிற்கிறது.

7. வெளியே வரும் தண்ணீர்: செடிப் படுகை

தொட்டி பாதி வேலைதான் செய்கிறது. கசடு அடியில் தங்கும், ஆனால் வெளிவரும் தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு, கிருமியோடுதான் வரும். அதைக் கொண்டுபோய் ஒரு உறைக்குழியில் விட்டால் இவ்வளவு செலவும் வீண்.

ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கு வைத்து, பதின்மூன்றடிக்கு ஐந்தடியில் ஹாலோ பிளாக்கில் ஒரு தொட்டி மாதிரி கட்டினோம். உள்ளே கனமான தார்ப்பாய் இரண்டு மடிப்பு, அதற்கு மேல் இரண்டடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரு அடிக்குப் பெரிய கருங்கல். ஜல்லியைக் கழுவித்தான் கொட்ட வேண்டும், தூசியோடு கொட்டினால் ஒரு வருஷத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு மூன்று அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளிக்குழாயை வையுங்கள், மேலே தண்ணீர் தெரியக் கூடாது. தெரிந்தால் கொசு.

செடிக்கு எங்கும் போக வேண்டாம். கல்வாழையும் கோரையும் வாய்க்கால் ஓரத்திலேயே கிடைக்கும். வேரோடு எடுத்து அடிக்கு ஒன்றாக நட்டோம், மூன்று மாசத்தில் அடர்ந்துவிட்டது. முதல் மாசம் கொஞ்சம் வாடை இருக்கும், அப்புறம் இல்லை. படுகையைத் தாண்டி வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகக் கீரைக்கோ தக்காளிக்கோ விடாதீர்கள், கிருமி முழுக்கப் போயிருக்காது. நாங்கள் கிணற்றிலிருந்து எதிர்ப்பக்கம் வாழைக்கும் இரண்டு தென்னைக்கும் விடுகிறோம்.

இடமே இல்லாத நெருக்கமான குப்பமாக இருந்தால், நாலைந்து குடும்பம் சேர்ந்து பொது இடத்தில் ஒரே படுகை போடலாம். வீட்டுக்கு வீடு சிறு தொட்டி, அதிலிருந்து தண்ணீர் மட்டும் குழாயில் பொதுப் படுகைக்கு. ஆரோவில்லில் இப்படிக் குடியிருப்பு அளவில் மின்சாரம் அதிகம் இல்லாமல் ஓடும் சுத்திகரிப்பு அமைப்புகள் பல வருஷமாக இருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். புறம்போக்கில் கட்டுவதென்றால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஒன்றில் மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை நேரில் பார்த்துவிடுங்கள். யார் கருங்கல்லைக் கழுவுவது, லாரிச் செலவு யாருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பொதுப் படுகை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தத் தகராறில்தான்.

8. மீன் கழுவிய தண்ணீரைத் தொட்டிக்கு விடாதீர்கள்

உள்நாட்டில் எழுதிய எந்தக் குறிப்பிலும் இது இருக்காது. நம் வீடுகளில் தினமும் மீன் ஆய்கிறோம், கருவாட்டுக்கு உப்புப் போடுகிறோம், ஐஸ் பெட்டி கழுவுகிறோம். செதில் அழுகாமல் குழாயை அடைக்கும், உப்பு அதிகமானால் தொட்டிக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யாது. மீன் ஆய்வதற்கென்று வெளியே ஒரு கல் போட்டு, அதன் வடிகாலில் ஒரு சல்லடை வையுங்கள். குடலையும் செவுளையும் அதே எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மீன் அமிலம் ஆகிவிடும், செடிக்கு ஊற்றலாம். இல்லையென்றால் தென்னையடியில் ஆழமாகப் புதையுங்கள்.

குளியல், துணி, பாத்திரம் கழுவும் தண்ணீரும் தனிக் குழாயில் போகட்டும். ஒரு சின்னக் கசடுத் தொட்டியில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்கிய பிறகு அது வாழைப் பாத்திக்குப் போகலாம்.

கழிவறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். நாப்கின், துணி, பான் மசாலா உறை எதுவும் உள்ளே போகக் கூடாது. தொட்டி தொடங்கும்போது தனிப் பொடி எதுவும் வாங்கிப் போட வேண்டியதில்லை, தண்ணீர் நிரப்பிப் பயன்படுத்த ஆரம்பித்தாலே போதும்.

9. எங்களுக்கு ஆன செலவு

கான்கிரீட் தொட்டி, கூலியோடு 58,000. தோண்டியதும் தண்ணீர் இறைக்க மோட்டார் வாடகையும் 6,000. குழாய்கள் 5,500. படுகை, ஜல்லி ஒன்றேகால் யூனிட் உட்பட 17,500. கழிவறைத் தரையை உயர்த்தி டாய்லெட் மாற்றியது 9,000. மொத்தம் 96,000 ரூபாய். முதலில் உறைக்குப் போட்ட 14,000 தனி. உங்கள் ஊரில் ஜல்லி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்கும். வேலை 26 நாள், காகிதங்களுக்கு ஐந்து மாசம்.

10. குடிநீரைப் பரிசோதியுங்கள்

வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்து ஒரு மழைக்காலம் போன பிறகு ஒரு தடவை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். வீட்டு பாட்டிலில் பிடித்துப் போய் நான் ஒரு நாள் திரும்பி வந்தேன். முடிவில் இரண்டு வரியைப் பாருங்கள்: 100 மில்லி நீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் வரியில் ஏதாவது வந்தால் காய்ச்சிக் குடியுங்கள். இரண்டாவது தாண்டினால் காய்ச்சினாலும் போகாது, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கவே கூடாது, கூட்டுக் குடிநீருக்கு மாறுங்கள்.

ஊராட்சியிலேயே சிறு பரிசோதனைப் பெட்டி இருக்கும், அதில் உள்ள குப்பியில் தண்ணீரைப் பிடித்து ஒன்றிரண்டு நாள் வைத்தால் கிருமி இருப்பது கறுப்பாகத் தெரியும். கேட்டால் தருவார்கள்.

11. கழிவு எடுக்கும் லாரி

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கசடை எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி இறக்கிப் பார்த்தால் கசடு எவ்வளவு உயரம் என்று தெரியும், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் கூப்பிடுங்கள். திறக்கும்போது முகத்தை உள்ளே நீட்ட வேண்டாம், பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் கூடாது.

எந்த நிலையிலும் ஒரு ஆளை உள்ளே இறங்க விடாதீர்கள். குழாய் விழுந்துவிட்டது, ஒரு நிமிஷம் இறங்கி எடுத்துவிடுகிறேன் என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரையும் அது விடாது. இயந்திரத்தால் எடுக்க 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

எங்களுக்கு ஒரு நடைக்கு 2,500 ரூபாய் ஆனது. உரிமம் உள்ள வண்டியா என்று கேளுங்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்குச் சீட்டு தருகிறவரை அழைத்தால், வண்டி சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்க் காலி செய்யாது. சந்து குறுகலாக இருந்தால் வண்டியின் குழாய் எத்தனை அடி நீளம் என்று முன்பே விசாரியுங்கள். தொட்டியின் மூடி மேல் படியோ துவைக்கும் கல்லோ கட்டி மறைத்துவிடாதீர்கள், இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி வேண்டும்.

பங்குனி, சித்திரையில் எடுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். சுற்றி மண்ணில் தண்ணீர் ஏறி நிற்கும்போது தொட்டி காலியானால் கீழிருந்து தளத்தைத் தள்ளும், விரிசல் விடும். அடியில் ஒரு கை உயரத்துக்குக் கசடை விட்டுவைக்கச் சொல்லுங்கள், லாரி போன அன்றே தொட்டியை வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீரால் நிரப்பிவிடுங்கள்.